பேனலில் பெயர் வரப்போகிறது. தலைமையாசிரியர் வேலைக்கு எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதுவதில் பயனில்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறீர்கள். துறைத் தேர்வுகள் முடிந்துவிட்டன. அடுத்த தலைமையாசிரியர் பேனலில், அதாவது பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியலில், பெயர் வரக்கூடும். பதவி உயர்வுக்கு முன் அரசு என்ன பயிற்சி தரும், கல்வி நிர்வாகத்தில் ஒரு பட்டயம் படித்துவைத்தால் உதவுமா, இரண்டும் இல்லாவிட்டால் நானாக எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "வகுப்பறையில் எனக்குப் பயமில்லை. ஆனால் நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களை நான் எப்படி வேலை வாங்குவேன்?" முதல் மூன்றும் விவரக் கேள்விகள். உங்களைத் தூங்கவிடாத கேள்வி இந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் அதே வேலை. பணியில் இருந்தபோதும் அப்புறமும் புதிய தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிகளில் வகுப்பு எடுக்கும் கருத்தாளராகப் போயிருக்கிறேன். ஆகவே நான் சொல்வது தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைப் பற்றி மட்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளியில் வேலையே வேறு மாதிரி. அங்கே சம்பளப் பட்டியல் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தயாராகும், தலைமையாசிரியர் முழு நேரமும் வகுப்பு எடுப்பார். உதவிபெறும் பள்ளியும் தனியார் பள்ளியும் எனக்கு வெளியிலிருந்து பார்த்த பழக்கம்தான், அதனால் அவற்றைத் தொடவில்லை.

முதல் கேள்விக்கு நேரான பதில்: பதவி உயர்வுக்கு முன், சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பயிற்சியும் கிடையாது. பணிமூப்பும் துறைத் தேர்வும்தான் உங்களைப் பேனலுக்குக் கொண்டுவருகின்றன. டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் அந்தத் தேர்வுகளில் கணக்குத் தேர்வும் அலுவலக நடைமுறை நூல் தேர்வும் நீங்கள் எழுதியவைதான். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற தேர்வுதானே என்று சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த ஏளனம் கிடையாது. எந்த விதி எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்திருப்பது நிர்வாகத்தில் பெரிய பலம். ஆனால் ஒரு கோப்பை எப்படி நடத்துவது என்று அந்தத் தேர்வு கேட்குமே தவிர, ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்காது. எல்.எல்.ஆர். தேர்வில் தேறியவர் கையில் பேருந்துச் சாவியைக் கொடுப்பது போன்றதுதான் நம் ஏற்பாடு.

பதவி ஏற்ற பிறகு பயிற்சி உண்டு. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமோ மாவட்டத்தில் இருக்கும் டயட் என்ற ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனமோ கூப்பிடும். சில நாள் உறைவிடப் பயிற்சியாகவும் நடக்கும். எமிஸ் என்ற இணையத் தகவல் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது, நிதி விதிகள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு, நடப்புத் திட்டங்கள் ஆகியவை பற்றி வகுப்பு இருக்கும். தலைமைப் பண்பு பற்றி ஒருவர் பேசுவார், குழு விளையாட்டு ஒன்று நடக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். கருத்தாளராகப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் விதிகளைப் பற்றிய பகுதி உபயோகமானது, பண்பைப் பற்றிய பகுதி ஊருக்குத் திரும்புகிற பேருந்திலேயே மறந்துவிடும். அந்தப் பயிற்சியில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான சொத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கைந்து தலைமையாசிரியர்களின் கைபேசி எண்கள்தான். பின்னால் ஒரு சிக்கலான கோப்பு வந்து நிற்கும்போது நீங்கள் கூப்பிடப்போவது கருத்தாளரை இல்லை, அவர்களைத்தான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. கல்வித் திட்டமிடுவோருக்கும் நிர்வாகிகளுக்கும் பயிற்சி வேண்டும் என்று யுனெஸ்கோ துணையோடு தில்லியில் ஒரு மையம் 1962-லேயே வந்துவிட்டது. அது பெயர் மாறி மாறி இன்று நீப்பா என்ற பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதற்குள் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் அமைந்தது 2012-ல்தான். அதாவது, அதிகாரிக்குப் பயிற்சி தேவை என்று தோன்றி ஏறக்குறைய 50 ஆண்டுக்குப் பிறகே தலைமையாசிரியருக்கும் தனியாகத் தேவை என்று தோன்றியிருக்கிறது. அந்த மையம் வகுத்த பாடத்திட்டம் நல்லதுதான்: தன்னை வளர்த்துக்கொள்வது, கற்பித்தலை மாற்றுவது, குழுவைக் கட்டுவது, ஊரோடு சேர்ந்து செயல்படுவது என்று சரியான தலைப்புகள். 2019-ல் வந்த நிஷ்டா என்ற தேசிய அளவிலான ஆசிரியர் பயிற்சியும் ஆசிரியர்களோடு தலைமையாசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளித் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது; நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை எதுவாக இருந்தாலும், நாளைக்குக் காலை பள்ளியைத் திறக்கப்போகிறவருக்கு அதெல்லாம் தூரத்து விஷயம்.

சரி, வேலைக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆன அன்றிலிருந்து நீங்கள் பணம் பெற்று வழங்கும் அலுவலர். சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு, பணிப்பதிவேட்டில் பதிவு, ஊதிய உயர்வு, முன்பணம், அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் ஏற்றுவது, கருவூலம் திருப்பி அனுப்பினால் சரிசெய்து மறுபடி அனுப்புவது எல்லாம் உங்கள் கையெழுத்தில்தான் நடக்கும். பள்ளியில் ஒரே ஒரு இளநிலை உதவியாளர் இருப்பார். அந்த இடமும் காலியாக இருந்தால் நீங்களே எழுத்தர். பலர் இந்த வேலையை அலுவலகத்தில் இருப்பவரிடம் விட்டுவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் காலம் தள்ளுகிறார்கள். ஓய்வு பெறும் ஆண்டில் தணிக்கைத் தடை (கணக்கைத் தணிக்கை செய்பவர் எழுப்பும் ஆட்சேபம்) ஒன்று எழுந்து, பணப்பயன் நின்றுபோன பிறகுதான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தேடுவார்கள். ஒரு மாதச் சம்பளப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முறை போதும். அதன்பிறகு உங்களிடம் வரும் பட்டியலில் கண் எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

பள்ளிக்கு வரும் பணம் பெரிய தொகை இல்லை, ஆனால் கேள்வி கேட்கப்படும் தொகை. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்ட விதிப்படி கூட்டுப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 1,000-க்கு மேல் இருந்தால் ஒரு லட்சம், 250-க்கு மேல் 75,000, 100-க்கு மேல் 50,000, அதற்குக் கீழே இன்னும் குறைவு. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போகவேண்டும். செலவுக்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், செலவுக்குப் பின் பில், இருப்புப் பதிவேட்டில் பதிவு, ரொக்கப் பதிவேட்டில் பதிவு என்ற வரிசையைக் குலைக்காதீர்கள். நல்ல நோக்கத்தோடு முதலில் பெஞ்சு வாங்கிவிட்டு அப்புறம் தீர்மானம் எழுதியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். திருடியவர் காகிதத்தைச் சரியாக வைத்திருப்பார்.

சட்ட விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19: குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். பிரிவு 21: தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம்வரை சிறை; நிறுவனத்தின் பொறுப்பாளர் தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. இங்கே தலைமையாசிரியர் விசாரணை அதிகாரி இல்லை. உண்மையா பொய்யா என்று பார்த்துவிட்டுப் புகார் தரலாம், பள்ளியின் பெயர் கெடும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தாலும் சட்டம் உங்களுக்கு அந்த அவகாசத்தைத் தரவில்லை. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டு எண்களும் சுவரில் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு வாயில் வரவேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். பெரும்பாலானவர்கள் இத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பில் சரியாகப் போகிறது, எமிஸ் பச்சையாக இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு போன ஆண்டைவிடக் குறையவில்லை, முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுந்து நிற்கவேண்டிய நிலை வரவில்லை. அவ்வளவுதான் வேலை என்று ஆகிவிடுகிறது. அந்தக் கூட்டங்களில் ஆறாம் வகுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர் என்று நாம் பட்டியல் போடுகிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே அப்படித்தான் வந்தார்கள், நான்கு ஆண்டு நம் கண்முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முதல் ஒன்பதுவரை அடிப்படைத் திறன்களுக்காக இப்போது திறன் என்ற திட்டம் வந்திருக்கிறது. அதைப் புள்ளிவிவரம் ஏற்றும் வேலையாக நடத்துவதா, பாடமாக நடத்துவதா என்பது முழுக்கத் தலைமையாசிரியர் கையில்தான் இருக்கிறது.

தலைமையாசிரியர் மாறினால் பிள்ளைகளின் படிப்பு மாறுமா? இதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம், ஆனால் சான்றின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 2021-ல் கிரிஸம், எகலைட், லிண்ட்ஸே மூவரும் தொகுத்த அறிக்கையின் கணக்கு இது: நூறு முதல்வர்களைத் திறமை வரிசையில் நிறுத்தி, கீழிருந்து 25-வது இடத்தில் இருப்பவருக்குப் பதிலாக 75-வது இடத்தில் இருப்பவரை வைத்தால், மாணவர்கள் ஓராண்டில் கணிதத்தில் ஏறக்குறைய மூன்று மாதப் படிப்பு கூடுதலாகப் பெறுகிறார்கள். ஓர் ஆசிரியர் நன்றாக இருந்தால் ஒரு வகுப்புக்கு நன்மை. இது பள்ளி முழுவதற்கும். சரி, நல்ல முதல்வர் என்னதான் செய்கிறார்? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்கும் தலைமைக்குத்தான் விளைவு மிக அதிகம் என்று கண்டார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், அதனால் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இதற்கு அடுத்த கேள்விதான் சந்தேகத்துக்குரியது: பயிற்சி கொடுத்து நல்ல தலைமையாசிரியரை உருவாக்க முடியுமா? எல்லோரும் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே துணை முதல்வர்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களைச் சம்பளத்தோடு ஏறக்குறைய ஆறு மாதம் தேசியக் கல்விக் கழகத்தில் உட்காரவைக்கிறார்கள். 2001 முதல் இது நடக்கிறது. அதற்கு முன்பே 1984 முதல் கல்வி நிர்வாகத்தில் ஒரு பட்டயம் இருந்தது. முதல்வர் ஆவதற்கு முன் பயிற்சி, வேறொருவர் பள்ளிக்குள் போய் ஒரு திட்டத்தைச் செய்துபார்ப்பது என்று ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் அந்த நாட்டில் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் பள்ளிகள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் மட்டும் 37 ஆயிரத்துக்கு மேல். உயர்நிலை, மேல்நிலை இரண்டும் சேர்ந்தே 6,000-க்கு மேல். அளவு வேறு. இங்கிலாந்திலோ தலைமையாசிரியருக்கான தகுதிச் சான்றிதழை 1997-ல் கொண்டுவந்து, 2009-ல் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்குக் கட்டாயமாக்கி, 2012-ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் பதவி இல்லை என்ற விதியில் அவர்களே நிலைத்து நிற்கவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரோலண்ட் ஃப்ரையர் செய்த சோதனையில் முதல்வர்களுக்கு இரண்டு ஆண்டில் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மதிப்பெண் ஏறியது, இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் தெரியவில்லை.

நமக்கு அதிகம் பாடம் தருவது மத்தியப் பிரதேசம். அங்கே பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, அதிகாரிகள் பின்தொடர்வது என்று ஒரு பெரிய நிர்வாகச் சீர்திருத்தம் நடந்தது. பார்ப்பதற்குக் குறையே சொல்ல முடியாத திட்டம். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில், திட்டம் நடந்த பள்ளிகளை நடக்காத பள்ளிகளோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டுச் சோதனையாக அதை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். படிவங்கள் நிரம்பின, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் ஆசிரியர் வருகையிலோ கற்பிக்கும் முறையிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் எதுவும் இல்லை. அதற்குள் அதே திட்டம் நாடு முழுவதும் லட்சக்கணக்கான பள்ளிகளுக்குப் போய்விட்டது. நம் ஊரில் தலைமையாசிரியர் அறையில் தூசு படிந்து கிடக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டக் கோப்பைப் பார்த்தவர் யாருக்கும் இந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது. இதையெல்லாம் வைத்து எனக்குத் தோன்றுவது, ஆய்வு முடிவு என்று இல்லாமல் என் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: பதவிக்கு முன் தரும் சொற்பொழிவைவிட, பதவி ஏற்ற முதல் ஆண்டில், உங்கள் பள்ளியின் ஒரு பிரச்சினையை வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவர் மாதம் ஒருமுறை வந்து உங்களோடு வகுப்பறைகளுக்குள் நடந்தால் அதுதான் பயிற்சி. துறை அதைச் செய்து தராவிட்டால், ஓய்வு பெற்ற ஒரு நல்ல தலைமையாசிரியரை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறார்கள். எங்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

பட்டயம் பற்றி. இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மை, நிர்வாகம் பற்றிய முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. நீப்பாவின் பள்ளித் தலைமை மையம் இணையவழியில் கட்டணமில்லாப் படிப்பும் தருகிறது. உயர்கல்விக்கான பழைய முறை ஊக்க ஊதிய உயர்வு 2020-லேயே நிறுத்தப்பட்டது, அதனால் சம்பளத்துக்காகச் சேரவேண்டியதில்லை. பேனலில் உங்கள் இடமும் அதனால் நகராது. ஆர்வம் இருந்தால் நீப்பாவின் இணையப் படிப்பைச் செய்யுங்கள், செலவில்லை. பணம் கட்டிப் பட்டயம் என்றால், அதே நேரத்தை உங்கள் பள்ளி அலுவலக அறையில் செலவிடச் சொல்வேன்.

நானாக என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இனிமேல்தான் பதில் ஆரம்பிக்கிறது. இப்போது இருக்கும் தலைமையாசிரியரிடம் போய், பேனலில் பெயர் வரப்போகிறது, வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள், சுமை குறைகிறதே. முதலில் கால அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். கணித ஆசிரியருக்கு அது எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பள்ளியின் அரசியல் முழுவதும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு யாருக்கு, கடைசிப் பாடவேளை யாருக்கு, விடுப்பு எடுத்தவரின் வகுப்புக்கு யாரை அனுப்புவது, ஒருவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை குறைந்தால் இன்னொருவர் எப்படி முகத்தைத் திருப்புகிறார் எல்லாம் அதில் தெரியும். அடுத்து ஒரு பொதுத் தேர்வை நடத்தும் பொறுப்பு, ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் எழுதுவது, மேலே சொன்ன அந்த ஒரு மாதச் சம்பளப் பட்டியல். தலைமையாசிரியர் விடுப்பில் போகும்போது பொறுப்பு பார்க்கும் வாய்ப்பு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். பொறுப்புத் தலைமையாசிரியர் என்பது பலருக்கு வேண்டாத சுமை. உங்களுக்கு அதுதான் இலவசப் பயிற்சி.

அதைவிட முக்கியமானது மற்றவர் வகுப்பைப் பார்க்கப் பழகுவது. நம் பள்ளிகளில் இன்னோர் ஆசிரியரின் வகுப்புக்குள் போய் உட்காருவது என்றாலே ஆய்வு, குற்றம் கண்டுபிடிப்பது என்று ஆகிவிட்டது. நட்பான ஓர் ஆசிரியரோடு ஆரம்பியுங்கள்: நீங்கள் அவர் வகுப்பில் அரை மணி, அவர் உங்கள் வகுப்பில் அரை மணி. தமிழ் வகுப்பில் கணித ஆசிரியர் என்ன பார்ப்பது என்று கேட்காதீர்கள். ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். கேள்வி யாரிடம் போகிறது, எந்த பெஞ்சு அரை மணி நேரமும் வாய் திறக்கவே இல்லை, ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது பின்வரிசை என்ன செய்கிறது, நோட்டில் திருத்தம் இருக்கிறதா, சிவப்பு டிக் மட்டும் இருக்கிறதா. வெளியே வரும்போது இரண்டு பிள்ளைகளிடம் இன்று என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். பாடத் தலைப்பைச் சொல்கிறார்களா, பாடத்தைச் சொல்கிறார்களா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றைப் பேசுங்கள். அன்றே பேசுங்கள், தனியாகப் பேசுங்கள். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் மாறாது. தலைமையாசிரியர் ஆன பிறகு இதற்கு நேரம் இருக்காது என்பார்கள். உண்மைதான், தானாக நேரம் கிடைக்காது. இன்று மாலை நான்கு மணிக்குள் விவரம் அனுப்பவும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கும். நான் தினமும் இரண்டாம் பாடவேளையை வகுப்புகளுக்கென்று ஒதுக்கி, கைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போவேன். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் கூப்பிட்டு எடுக்காததால் கவிழ்ந்த ராஜ்யம் எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கடைசி வரி, பக்கத்து நாற்காலிக்காரர்களைப் பற்றியது. முதலில் ஒரு நடைமுறை விஷயம்: பதவி உயர்வு கலந்தாய்வில் உங்களுக்கு வேறு பள்ளிதான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒருவேளை உங்கள் பள்ளியிலேயே இடம் காலியாக இருந்தாலும், முடிந்தால் வேறு பள்ளியை எடுங்கள். பேருந்து ஏறிப் போகும் சிரமம் பரவாயில்லை. நேற்றுவரை உங்களோடு சேர்ந்து முந்தைய தலைமையாசிரியரைக் குறைசொன்னவர்களிடம் இன்று விளக்கக் கடிதம் கேட்பது எல்லாருக்கும் சங்கடம்.

அதிகாரம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் உங்களிடம் அதிகம் இருக்காது. 17(ஏ), 17(பி) என்று ஆசிரியர் அறைகளில் பேசுகிற ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் மேலே இருக்கும் அலுவலர் கையில். தலைமையாசிரியர் விளக்கம் கேட்கலாம், அறிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான். ஆகவே உங்கள் கையில் உள்ளது வேறு சில: பாடவேளைப் பங்கீட்டில் நியாயம், விடுப்பு தருவதில் ஒரே அளவுகோல், பெற்றோர் சண்டைக்கு வரும்போது ஆசிரியரைத் தனியாக விடாமல் கூட நிற்பது. தாமதமாக வருபவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், இரண்டாவது முறை தேதியோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள், மூன்றாவது முறை எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் "சிலர்" என்று ஆரம்பித்துத் திட்டுவது மட்டும் வேண்டாம். நேரத்துக்கு வருபவர்கள்தான் அதில் புண்படுவார்கள். பெண் தலைமையாசிரியர்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு என்று என்னோடு பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்: ஊர்ப் பிரமுகர், ஒப்பந்தக்காரர், சில சமயம் மூத்த ஆண் ஆசிரியர்களும் இவரைத் தாண்டி வேறொருவரிடம் பேசி முடிவெடுக்கப் பார்ப்பார்கள். நான் அதை அனுபவித்தவன் இல்லை, அதனால் அறிவுரை சொல்லமாட்டேன். உங்கள் மாவட்டத்தில் பத்தாண்டு பார்த்த ஒரு பெண் தலைமையாசிரியரை அவசியம் சந்தித்துக் கேளுங்கள்.

விதிகளில் ஒன்று இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிச் சொன்ன தீர்ப்பு, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியர்களின் பதவி உயர்வையும் தொடுகிறது. நீங்கள் ஆறு முதல் பத்துவரை எடுப்பவர். உங்கள் பணி நியமன ஆண்டுக்கும் பேனலுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்பதை வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வைத்து முடிவு செய்யாமல், முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்துக்காரர்கள் சொல்வதையும் கேட்கலாம், ஆனால் அரசாணை எண்ணைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, பொறுப்பேற்கும் நாள். மாலை, சால்வை, டீ எல்லாம் நடக்கும், அந்த உற்சாகத்தில் ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீங்கள் நிதானமாகச் செய்யுங்கள். ரொக்கப் பதிவேடு எந்தத் தேதிவரை முடிக்கப்பட்டிருக்கிறது, நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள் எவை, யாருடைய பணிப்பதிவேட்டில் எந்தப் பதிவு பாக்கி, நிரப்பாத மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகங்கள் எத்தனை, இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினிகள் அறையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாத பொருளை இல்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போகிறவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பள்ளியின் பெயரில் இருக்கும் எல்லா வங்கிக் கணக்குப் புத்தகங்களையும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கு உட்பட, அன்றைய தேதிவரை பதிந்து வாங்கி ரொக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகு சால்வையைப் போட்டுக்கொள்ளலாம்.